பதினோரு கப்பல்களும் ஓர் எஸ்தரும்

விண்வெளிப் போர் என்றதும் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பச்சையும் சிவப்புமாக ஒளிக்கற்றைகள் பாயும், கப்பல்கள் கரணம் அடிக்கும், தலைவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதாவது வசனம் பேசுவான். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை ஐயா. ஒரு நாற்காலி, ஒரு திரை, ஆறிப்போன டீ. திரைக்கு முன்னால் ஒருத்தி உட்கார்ந்து எதிரே எத்தனை கப்பல் நிற்கிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். அவள் சொன்னதும் ஒருவர் பொத்தானை அழுத்துவார். போர் முடிந்தது. மிச்சமெல்லாம் விழாவும் மாலையும்தான்.

கீழவாசலில் அந்த ஒருத்தி நான். பெயர் தில்லைநாயகி, வயது நாற்பத்தொன்று, பதவி முதுநிலை எண்ணிக்கை அலுவலர். பதினெட்டு வருட சர்வீசில் ஒரு தடவைகூடத் தப்பாக எண்ணியதில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள்.

கீழவாசல், மேலவாசல் என்பவை ஒரே சூரியனைச் சுற்றும் இரண்டு சக்கர நகரங்கள். ஒரே கப்பலில் வந்து, இறங்குவதற்குள் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு நகரம் கட்டிக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். நடுவே வெளிச்சமே நாலு மணி நேரம் பயணம் செய்யும் தூரம். தாண்டல் இயந்திரம் பொருத்திய கப்பலுக்கு அது கண் இமைக்கும் நேரம். இங்கே மறையும், அதே நொடியில் அங்கே முளைக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து இருபத்துநாலுக்கு என் திரையில் பதினோரு கப்பல்கள் ஒரே நொடியில் முளைத்தன. எல்லாம் மேலவாசல் பக்கமிருந்து, ஒன்றன் பின் ஒன்றாக, ஒரே நேர்க்கோட்டில். "பதினொன்று" என்று சொன்னேன். எங்கள் தளபதி வெற்றிச்செழியன் பத்து இருபத்தொன்பதுக்குப் பதினோரு தாண்டுகுண்டுகளை அனுப்பினார். அவையும் கப்பல்களைப் போலத்தான், அனுப்பிய நொடியில் போய்ச் சேர்ந்து வெடிக்கும். சரியாகப் பத்தரைக்குப் பத்துக் கப்பல்கள் திரையிலிருந்து ஒன்றாக மறைந்தன. மிச்சமிருந்த ஒன்று சற்று நேரத்தில் சிதறுவது தெரிந்தது. நான் கடிகாரத்தை இன்னொரு தடவை பார்த்தேன். தளபதி பார்க்கவில்லை. பத்துக் கப்பல்கள் புறமுதுகு காட்டி ஓடியதாக மறுநாளே விழா எடுத்துவிட்டார். எனக்கும் ஒரு மாலை விழுந்தது.

அதற்கு மறுநாள் மேலவாசலிலிருந்து ஓலை வந்தது. "நாங்கள் அனுப்பியது ஒரே கப்பல். ஆயுதம் கிடையாது. சமாதானம் பேச வந்த ஒரு தூதர், ஒரு பைலட். தூதர் உயிர்காப்புப் பெட்டியில் தப்பித்தார்; ஒரே தாண்டலில் வந்ததாக எங்கள் சபையில் சத்தியம் செய்திருக்கிறார். பைலட் எஸ்தர் இறந்துவிட்டார். பத்து நாட்களுக்குள் தவறை ஒப்புக்கொள்ளாவிட்டால் எங்கள் மொத்தப் படையும் வரும். அப்போது எண்ணிக்கொள்ளுங்கள்." கடைசி வரி எனக்கென்றே எழுதியது போலிருந்தது.

இம்மாதிரித் தகராறுகளுக்காகவே இரண்டு ஊருக்கும் பொதுவாக 'மறுபார்வை' என்று ஒரு சடங்கு உண்டு. சம்பவத்தில் இருந்தவர்களில் பக்கத்துக்கு ஒருவர் ஒரே படகில் ஏறிப் போக வேண்டும். நடந்ததை மறுபடி பார்த்து, முதல் தவறு யாருடையது என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தவறு செய்தவரை எதிர் ஊருக்கு ஏழு வருடம் ஒப்படைப்பார்கள். கையெழுத்து விழவில்லை என்றால் போர். எங்கள் பக்கத்தில் என்னை அனுப்பினார்கள். அவர்கள் பக்கத்தில் உயிரோடு இருந்தது ஒருவர்தான், அந்தத் தூதர்.

பெயர் பரமார்த்தலிங்கம். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். இடது கை கட்டில் தொங்கியது. எடையற்ற படகுக்குள் வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். அது பறக்காமலிருக்க நாலு கிளிப் போட்டிருந்தார், அப்படியும் அது அவர் பேச்சைக் கேட்கவில்லை.

"நீங்கதானாம்மா என்னைச் சுட்டது?" என்றார் முதல் வார்த்தையாக.

"நான் சுடலை சார். எண்ணத்தான் செஞ்சேன்."

"எண்ணுனதுக்கே கை போச்சு. சுட்டிருந்தியன்னா?"

படகை ஓட்டியவர் பாத்திமுத்து அக்கா. எந்தப் பக்கமும் சேராத நடுவூர்க்காரர், முப்பது வருடமாக இரண்டு ஊர்ச் சரக்கையும் ஏற்றி இறக்குகிறவர். "ரெண்டு பேரும் இப்பவே ஆரம்பிச்சுடாதீங்க. பார்த்து முடிச்சிட்டு அடிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஒரே தாண்டலில் எங்களை ஒன்பது ஒளிநாள் தூரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு வெளியே ஆயிரக்கணக்கான சிறு கண்ணாடிகளை மீன்வலை போல விரித்தார். காட்சி வந்துசேர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

பரமார்த்தலிங்கம் ஒரு டப்பாவைத் திறந்து முறுக்கு நீட்டினார். எதிரி கொடுத்த முறுக்கு என்று பார்க்காமல் எடுத்துக்கொண்டேன். நன்றாகவே இருந்தது.

"ஒரு சந்தேகம்மா. ஒம்பது நாளைக்கு முன்னால நடந்தத இப்பம் எப்படிப் பாக்க முடியும்? இந்தக் கணக்கு மட்டும் என் மண்டையில ஏறவே மாட்டேங்கு."

"திருவிழாவுல வேட்டுப் போட்டா சத்தம் மெதுவாத்தானே வருது? அந்தச் சத்தத்தைவிட வேகமா ஓடிப்போய் முன்னால நின்னீங்கன்னா அதே வேட்டை இன்னொரு தடவை கேக்கலாம். நாம வெளிச்சத்தைவிட வேகமா ஓடி வந்துட்டோம். அன்னிக்குக் கிளம்பின வெளிச்சம் இப்பத்தான் இங்க வரப்போவுது."

"அடேயப்பா. அப்பம் எதையும் யாரும் மறைக்க முடியாதுன்னு சொல்லுங்க."

"முடியாது சார். ஆனா ஏமாத்தலாம்." எனக்கும் தொழில் பெருமை உண்டு, முறுக்கு வேறு உள்ளே போயிருந்தது, வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டேன். "ஒரு கப்பல் ஒரே தாண்டல்ல வந்தா ஒண்ணாத்தான் தெரியும். நின்னு நின்னு வந்தாத்தான் வம்பு. தூரத்துல நின்னப்பக் கிளம்பின வெளிச்சம் பாதி வழியில வந்துட்டிருக்கும். கப்பல் அதைத் தாண்டி முன்னால வந்து நிக்கும். அங்கேருந்து இன்னொரு வெளிச்சம் கிளம்பும். ரெண்டும் ஒண்ணா வந்து சேந்தா என் திரையில ரெண்டு கப்பல்."

"ஆள் ஒருத்தன்தான, எப்படி ரெண்டு பேராத் தெரிவான்?"

"ஒண்ணு நெசம், ஒண்ணு பழைய வெளிச்சம். தாண்டல் இயந்திரம் சூடு ஆறுறதுக்கு ஆறு நிமிஷம் ஆகும். அதனால நிக்கிறவன் ஆறு நிமிஷமாவது நிப்பான். வெளிச்சம் ஆறு நிமிஷத்துல எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு அவ்வளவா அவன் தாண்டி வந்தான்னு வைங்க, எல்லா வெளிச்சமும் ஒரே நொடியில வந்து சேரும். எத்தனை தடவை நின்னானோ அத்தனை கப்பல். இதுக்காகத்தான் ஊருக்குள்ள வர்ற கப்பல் வழியில நிக்கவே கூடாதுன்னு ஒப்பந்தத்துல போட்டிருக்கு."

பரமார்த்தலிங்கத்தின் கையிலிருந்த முறுக்கு வாய் வரைக்கும் போய் அங்கேயே நின்றது. "இதுக்காகத்தானா?" என்றார் மெதுவாக. "நான் ஏதோ போக்குவரத்து ஒழுங்குக்குன்னு நெனச்சேன்." முறுக்கை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முறுக்கு காற்றில் மிதந்துகொண்டிருந்தது.

காட்சி தொடங்கியது. நாங்கள் பக்கவாட்டில் நின்றிருந்ததால் தூரக் குழப்பம் எதுவும் இல்லை, நடந்தது நடந்த வரிசையிலேயே தெரிந்தது. திரையின் மூலையில் கீழவாசல் நேரம் ஓடியது. ஒன்பது பதினெட்டுக்கு ஒரு புள்ளி முளைத்தது. ஆறு நிமிடம் நின்றது. மறைந்து, கொஞ்சம் முன்னால் முளைத்தது. மறுபடி ஆறு நிமிடம்.

"ஒண்ணு" என்றார் பாத்திமுத்து அக்கா. "ரெண்டு."

எந்த நேரத்திலும் திரையில் ஒரே ஒரு கப்பல்தான் இருந்தது. மூன்று எண்ணும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நான் மாலை வாங்கிய பதினொன்றும் இதுதான், இந்த ஒன்றுதான்.

"ஏன் சார் நின்னீங்க?" என்றேன். கோபத்தில் குரல் கிறீச்சிட்டது. "ஒரே தாண்டல்ல வந்தோம்னு உங்க சபையில சத்தியம் பண்ணீங்களே!"

"ராகு காலம்மா" என்றார்.

பாத்திமுத்து அக்கா திரும்பிப் பார்த்தார். "என்ன காலம்?"

"கிளம்பும்போது நல்ல நேரம் பாத்துத்தான் கிளம்புனேன், தாண்டுத எல்லைக்கு வாறதுக்குள்ள அது போயிட்டு. எங்க தாத்தா காலத்துல மேலவாசல்லேந்து கீழவாசல் வாறதுன்னா மூணு மாசம். கிளம்புத நேரத்தப் பாத்தாப் போதும். இப்பம் தாண்டுன நொடியில போயி நிக்கணும்லா? எங்க கடிகாரத்துல பத்தரையிலேந்து பன்னெண்டு வரை ராகு காலம். சமாதானம் பேசப் போற வாசல்ல அந்த நேரத்துலயா காலை வைக்கது? பன்னெண்டு ஆவட்டும்னு வழியில நின்னு நின்னு வந்தேன்."

"பைலட் ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டார் அக்கா.

"சொன்னாளே. 'அண்ணாச்சி, ஒப்பந்தத்துல நிக்கக்கூடாதுன்னு இருக்கு, போயிருவோம்'னு ரெண்டு தடவை சொன்னா. நாந்தான் அதட்டுனேன். 'சரி, உங்க ராகுவுக்காக நான் பாட்டு பாடுதேன், பொழுது போவும்'ன்னு அவங்க கோயில் பாட்டா எடுத்து விட்டா. ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் ஒரு பாட்டு. 'பத்து பாட்டு ஆயிட்டு அண்ணாச்சி, இனி கல்யாணப் பாட்டுதான் பாக்கி'ன்னு கேலி பண்ணுனா. பொறவு சபையில போயி, ராகு காலத்துக்காக நின்னேன்னு எந்த முகத்த வச்சிக்கிட்டு சொல்லச் சொல்லுத? ஒரே தாண்டல்னு சொல்லிட்டேன். அதுல இப்படி ஒரு வினை இருக்கும்னு சத்தியமாத் தெரியாது தாயி."

பதினோராவது இடத்தில் புள்ளி வந்து நின்றது. பன்னிரண்டு நிமிடம் அப்படியே நிற்க வேண்டியது. பதினோராவது நிமிடம் முடிகையில், பத்து இருபத்தொன்பதுக்கு, பதினோரு வெளிச்சங்கள் ஒன்றாகப் பூத்தன. பத்து வெறும் வெளியில். ஒன்று அங்கே. தோளில் துண்டைச் சரிசெய்துகொள்ள, உயிர்காப்புப் பெட்டி இருக்கும் பின்கதவுக்குப் போயிருந்ததால் பரமார்த்தலிங்கம் பிழைத்தார். எஸ்தர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு அழுகையாக வந்தது, ஆனால் அந்தக் கிழவர் முன்னால் அழ வெட்கமாகவும் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "ஏம்மா, வெளிச்சத்துல கப்பல் மட்டுந்தான தெரியுது? நிக்கச் சொன்னது யாருன்னு தெரியலைல்லா?"

"தெரியாது."

"அப்பம் எஸ்தர் தப்பா ஓட்டிட்டான்னு எழுதிட்டா? செத்தவளப் புடிச்சி ஏழு வருஷம் வைக்க முடியாது. போரும் நின்னுரும். நீங்களும் வீட்டுக்குப் போவலாம், நானும் போவலாம்." சொல்லும்போதே அவர் கண்ணிலிருந்து நீர் உருண்டு, கீழே விழ வழியில்லாமல் கன்னத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

நான் உத்தமி இல்லை. அறிக்கைத் தாளை எடுத்து 'பைலட் எஸ்தர்' என்று எழுதவும் செய்தேன். இரண்டு லட்சம் பேர் உயிர் பிழைப்பார்கள், என் பதினெட்டு வருட சர்வீஸ் பிழைக்கும், இந்த மனிதர் பேரன் பேத்திகளோடு இருப்பார். யாருக்கு நஷ்டம்? பேனா தானாகவே ஓடியது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

"எழுதுங்க, எனக்கென்ன" என்றார் பாத்திமுத்து அக்கா, கண்ணாடி வலையைச் சுருட்டிக்கொண்டே. "நானும் வண்டி ஓட்டுறவதான். நாளைக்கு நான் செத்தா எனக்கும் இப்படித்தான் எழுதுவாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேன். தெரிஞ்சுக்கிறது நல்லதுதானே."

பேனா நின்றுவிட்டது. அதற்கு மேல் உள்ளே வைத்துக்கொள்ள என்னாலும் முடியவில்லை.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பழைய வெளிச்சம் ஆறு நிமிஷத்துக்கு மேல நிக்காது. அதுக்காகவே எண்ணிக்கைக்காரிக்கு ஒரு விதி இருக்கு. ஆறு நிமிஷம் முழுசாப் பொறுத்துப் பார்த்துட்டுத்தான் எண்ணிக்கை சொல்லணும். பத்து இருபத்துநாலுக்குப் பார்த்தேன். பத்தரை வரைக்கும் பொறுத்திருந்தா பத்தும் மறைஞ்சு ஒண்ணு மிஞ்சியிருக்கும். நான் அஞ்சு நிமிஷத்துலயே உறுதின்னு சொல்லிட்டேன்."

"ஒரு நிமிஷமா?" என்றார். "ஒரு நிமிஷம் பொறுக்க முடியலையா? ஏன்?"

சொல்ல நாக்கு கூசியது. "தளபதி பின்னால நின்னு அவசரப்படுத்திட்டே இருந்தார். 'பத்தரைக்குள்ள முடிச்சுடணும் தில்லை, பத்தரைக்குள்ள'ன்னு. எங்க கடிகாரம் உங்களுதுக்கு ஒன்றரை மணி பின்னால. எங்களுக்குப் பத்தரைக்குத்தான் ஆரம்பம்."

"என்ன ஆரம்பம்?"

"ராகு காலம்."

தளபதி வெற்றிச்செழியனை நீங்கள் பார்த்திருந்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். மேடை ஏறினால் மூடநம்பிக்கையை மூன்று மணி நேரம் கிழிப்பவர். மேசை இழுப்பறையில் பஞ்சாங்கம் வைத்திருப்பவர். அவரைச் சொல்லி என்ன, நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அஞ்சு நிமிடம் பார்த்தாயிற்று, இன்னும் ஒரு நிமிடத்தில் என்ன மாறிவிடப்போகிறது என்று நினைத்தேன்.

பாத்திமுத்து அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவருக்கு முடியட்டும்னு இவர் நின்னாரு. உங்களுக்கு ஆரம்பிக்கக் கூடாதுன்னு நீங்க சுட்டீங்க. ரெண்டு ஊர்லயும் ஒரே காலண்டர்தான் தொங்குதா?"

பரமார்த்தலிங்கம் சிரித்துவிட்டார். அடக்க முடியாமல், கட்டுப்போட்ட கை குலுங்கச் சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்துக்கொண்டிருந்தவர் எப்போது அழ ஆரம்பித்தார் என்று எனக்குத் தெரியவில்லை. "பாட்டு பாடிக்கிட்டிருந்தாம்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

புதுத் தாள் எடுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து வார்த்தை வார்த்தையாகச் சொல்லி எழுதியது இது: 'வந்தது ஒரே கப்பல். தூதர் பரமார்த்தலிங்கம் நிற்கக் கூடாத இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார். எண்ணிக்கை அலுவலர் தில்லைநாயகி பொறுக்க வேண்டிய ஒரு நிமிடத்தைப் பொறுக்கவில்லை. பைலட் எஸ்தர் மேல் எந்தத் தவறும் இல்லை. அவர் போய்விடலாம் என்று இரண்டு முறை சொன்னார்.' அவர் வலது கையால் கையெழுத்திட்டார், நான் தாள் பறக்காமல் பிடித்துக்கொண்டேன்.

போர் நின்றது. எங்களை மாற்றிக்கொண்டார்கள், ஏதோ அளவு சரியில்லாத சட்டையைக் கடையில் மாற்றுவது போல. பரமார்த்தலிங்கம் கீழவாசலுக்குப் போனார். அங்கே எண்ணிக்கைப் பள்ளியில் ஒவ்வொரு புது வகுப்பின் முதல் நாளும் அவரைக் கொண்டுவந்து நிறுத்துவார்களாம். "நாந்தான் மக்கா அந்தப் பதினோரு கப்பல்" என்று ஆரம்பிப்பாராம். பிள்ளைகள் அவர் வகுப்பை மட்டும் தவறவிடுவதில்லை என்று கேள்வி. தளபதிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். நல்ல நாளில்தான் வீட்டுக்குப் போனார்.

என்னை மேலவாசல் கண்ணாடி நிலையத்தில் வேலைக்குப் போட்டார்கள். தெருவில் போனால் பேசமாட்டார்கள், வையவும் மாட்டார்கள். அதுதான் கஷ்டமாக இருந்தது. சரியாக ஒரு வருடம் ஆகும்போது ஒருவர் நிலையத்து வாசலில் வந்து நின்றார். மெலிந்த ஆள், தண்ணீர்க் குழாய்ப் பிரிவில் வேலை. பெயர் தேவசகாயம். எஸ்தரின் புருஷன்.

"அறிக்கையப் படிச்சேன்" என்றார். "அவ சொன்னத எழுதியிருந்தீங்க. அதுக்காகத்தான் உங்கள்ட்ட வந்தேன். செத்தவங்களோட சொந்தக்காரங்க கேட்டா மறுபார்வை காட்டணும்னு சட்டத்துல இருக்காம்லா?"

"இருக்கு. ஆனா முகமெல்லாம் தெரியாதுங்க. கப்பல் ஒரு புள்ளியாத்தான் தெரியும்."

"போதும்."

பாத்திமுத்து அக்கா கூலி வாங்காமல் வந்தார். ஓர் ஒளிவருடத் தூரத்தில் போய் நின்று வலையை விரித்தோம். ஒன்பது பதினெட்டுக்குப் புள்ளி முளைத்தது. தேவசகாயம் திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புள்ளி நின்ற ஒவ்வொரு இடத்திலும் அவர் வாய்க்குள்ளேயே ஏதோ பாட்டின் முதல் அடியை முணுமுணுத்தார். அவள் எந்த வரிசையில் பாடியிருப்பாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இடையில் ஒருமுறை, "இது அவளுக்கு ராகம் சரியா வராது" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு வருடத்தில் அந்த ஊரில் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

பதினோராவது இடத்துக்குப் புள்ளி வந்தது. அவரை அந்த வெடிப்பைப் பார்க்க விடக்கூடாது என்று கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன். பத்து இருபத்தெட்டு ஆனதும், வலையின் வெளிச்சம் திரைக்கு வரும் கண்ணாடியின் மூடியைப் போட்டுவிட்டேன். திரை கறுத்தது.

தேவசகாயம் திரையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"இன்னும் ஒரு நிமிஷம் இருந்துச்சே" என்றார்.

அடுத்த வருடத்திலிருந்து மூடியை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.